தூக்கியின் வயர் யார் கைக்கு எட்ட வேண்டும்?

படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் நோயாளிகளை மாற்றுவதற்கு எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் மின் தூக்கிகளைப் பயன்படுத்துகிறோம். கூரையில் பொருத்திய அலுமினியத் தடம், அதில் நகரும் மோட்டார்ப் பெட்டி, அதிலிருந்து இறங்கும் உறுதியான பட்டை, பட்டையின் முனையில் ஒரு குறுக்குச் சட்டம். அச்சட்டத்தின் கொக்கிகளில் மாட்டப்பட்ட துணியில் நோயாளி அமர்ந்திருப்பார். முதன்முறை இதைப் பார்க்கும் உறவினர்கள், மோட்டார் எத்தனை கிலோ தூக்கும், துணி கிழிந்துவிடாதா, கூரை தாங்குமா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகளே. ஆயினும் மோட்டார்ப் பெட்டியிலிருந்து தனியே தொங்கும் மெல்லிய வயரையும், அதன் நுனியில் உள்ள சிறிய பொத்தான் கட்டையையும் பற்றி எவரும் கேட்பதில்லை. தூக்கியோடு தொடர்புடைய அன்றாடத் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த வயரில்தான் தொடங்குகிறது. அதனால் இந்த இதழில் அதைப் பற்றி மட்டுமே எழுதுகிறோம்.

அந்தப் பொத்தான் கட்டையை நோயாளிகளும் குடும்பத்தினரும் 'ரிமோட்' என்றே அழைக்கிறார்கள். வயரில் தொங்கும் ஒன்றுக்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும் என்று எங்கள் பயோமெடிக்கல் பொறியாளர் ஒவ்வொரு முறையும் திருத்துவார், எவரும் கேட்பதில்லை. இங்கும் ரிமோட் என்றே குறிப்பிடுவோம். பெரும்பாலான ரிமோட்களில் இரண்டு பொத்தான்கள் இருக்கும்: ஒன்று ஏற்ற, மற்றொன்று இறக்க. மோட்டாரே தடத்தில் பக்கவாட்டில் நகரும் வகையானால் நான்கு பொத்தான்கள். அழுத்திப் பிடித்திருக்கும் வரையில்தான் இயக்கம். விரலை எடுத்தால் நின்றுவிடும். இது பாதுகாப்புக்காகவே இவ்வாறு அமைக்கப்பட்டது. ஆனால் இதனால் ஒரு கட்டாயமும் உண்டாகிறது. தூக்கப்படும் நேரம் முழுவதும் யாரோ ஒருவருடைய கை ரிமோட்டில் இருந்தாக வேண்டும். அந்தக் கை நோயாளியுடையதா, அருகில் நிற்பவருடையதா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் வயரின் நீளமே.

கணக்கை எளிதாகப் பார்ப்போம். கூரை ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கட்டிலின் மேற்பரப்பு தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மல்லாந்து படுத்திருப்பவரின் கைக்கு ரிமோட் எட்ட வேண்டுமானால் வயர் 2 மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டும். அவரைத் தூக்கத் தொடங்கியதும் அவருடைய கையும் உடலோடு சேர்ந்து மேலே செல்கிறது. முக்கால் மீட்டர் உயர்ந்தால், சற்றுமுன் அளவாக இருந்த வயர் முக்கால் மீட்டர் தொய்ந்து அவர் மடியிலோ, தோளைச் சுற்றியோ விழும். தரையில் விழுந்துவிட்ட ஒருவரைத் தூக்குவதற்கு அதே வயர் இன்னும் அரை மீட்டர் தாழ வேண்டும். ஒரே நாளில், ஒரே நோயாளிக்கு, மூன்று நீளங்கள் தேவைப்படுகின்றன.

இதற்குத் தயாரிப்பாளர்கள் பரவலாகக் கையாளும் தீர்வு சுருள் வயர். பழைய தொலைபேசியின் ஒலிவாங்கியில் இருந்ததே அது. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். வசதியானதுதான்; ஆனால் சுருங்க விரும்பும் எதுவும் கையை இழுக்கும். வலிமையான கைக்கு அந்த இழுப்பு ஒரு பொருட்டன்று. கழுத்துத் தண்டுவடத்தில் காயமுற்றவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுள் சிலருக்கு விரல்களை மடக்கும் தசைகள் இயங்குவதில்லை; மணிக்கட்டைப் பின்னோக்கி உயர்த்தும்போது விரல்கள் தாமாகவே உள்மடங்குவதைக் கொண்டே பொருள்களைப் பற்றுகிறார்கள். அத்தகைய பிடியில் ரிமோட்டை வைத்துவிட்டு, மேலிருந்து சுருள் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தால், பொத்தானை அழுத்துவதற்கு முன்பே ரிமோட் கையைவிட்டு எழும்பிப் போய்விடும். நோயாளி முயல்வதை விட்டுவிடுகிறார். வார்டில் இருப்பவர்கள் 'அவரால் முடியாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அவர் கை தோற்றது சுருளின் இழுப்பிடம்தான்.

ஆகவே சுருளை மட்டும் நம்பாமல், நீளத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தும் ஏற்பாடு தேவை. பல வழிகள் வழக்கில் உள்ளன. வயரை இருமடியாக்கி ஒரு சிறு பிளாஸ்டிக் தகட்டின் துளைகள் வழியே செலுத்தி, தகட்டை மேலும் கீழும் நகர்த்தி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கூடாரக் கயிற்றை இறுக்கும் கட்டையை ஒத்தது இது. உபரி வயரை அகன்ற வளையங்களாகச் சேர்த்து ஒட்டுப் பட்டையால் கட்டலாம். குறுக்குச் சட்டத்தின் அருகில் ஒரு கிளிப்பைப் பொருத்தி வயரை அதில் செருகிவிட்டால், சட்டம் உயரும்போது வயரின் கீழ்ப்பகுதியும் உடன் உயரும். நோயாளியின் கைக்கும் சட்டத்துக்கும் இடைப்பட்ட தொலைவு பெரிதும் மாறாததால் அவர் கையில் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு வயர் இருக்கும். எங்கள் அனுபவத்தில் இந்த மூன்றாவதே மிகவும் பயன்படுகிறது. ஆனால் மேலே மிஞ்சும் வயர் எங்கே போகிறது என்பதைக் கவனித்தே இதைச் செய்ய வேண்டும். தூக்கும் பட்டையோடு சேர்ந்து அது மோட்டார்ப் பெட்டிக்குள் இழுபடக் கூடாது. அதனால் தயாரிப்பாளர் அளிக்கும் கிளிப்பைத் தவிர வேறெதையும் நாங்கள் பொருத்துவதில்லை.

மின்வயரே இல்லாத ரிமோட்களும் இருக்கின்றன. சில வகைகளில் மின்கம்பிக்குப் பதிலாக மெல்லிய காற்றுக் குழாய்கள் இருக்கும். பொத்தானை அழுத்தும்போது குழாயிலுள்ள காற்று மேலே சென்று மோட்டார்ப் பெட்டியில் உள்ள சுவிட்சை இயக்கும். குளியலறையில், ஈரக்கையோடு மின்பொருளைத் தொடுகிறோமே என்ற அச்சம் அங்கே எழுவதில்லை. மற்றொரு வகை, எவ்வித இணைப்பும் இல்லாத உண்மையான ரிமோட். அதன் கவர்ச்சி எங்களுக்கும் தெரியும். ஆயினும் வார்டில் நாங்கள் வயருள்ளதையே விரும்புகிறோம். இணைப்பற்ற ரிமோட் தலையணைக்கடியில் போகும், துவைக்கச் செல்லும் படுக்கை விரிப்போடு போகும், பக்கத்து அறைக்கும் போகும். வயரில் தொங்குவது தான் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

இந்தப் பொருள் மருத்துவமனைக்குப் பிறகுதான் வந்தது. முதலில் இருந்தது பட்டறையில். தொழிற்சாலைகளின் மேல்நிலைக் கிரேன்களில் இருந்து தொங்கும் பெண்டன்ட் எனப்படும் பொத்தான் பெட்டியைக் கண்டவர்களுக்கு எங்கள் ரிமோட் அதன் தம்பி என்பது உடனே விளங்கும். எங்களிடம் சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிரேன் இயக்கியவர். பக்கவாதத்தால் அவருடைய இடப்பக்கம் செயலிழந்திருந்தது. முதல் இரண்டு நாள்கள் தூக்கியில் ஏற மறுத்தார். அச்சம் என்று எண்ணினோம். மூன்றாம் நாள் அவரே விளக்கினார்: "சுமை தொங்கும்போது பெட்டி என் கையில் இருக்கணும். வேறு எவன் கையிலும் இருந்தா நான் பக்கத்தில்கூட நிற்க மாட்டேன். இப்போ நானே சுமையா தொங்கணும்னு சொல்றீங்க."

வலப்பக்கம் கைக்கு எட்டுமாறு வயரை அமைத்துக் கொடுத்தோம். தூக்கியில் ஏறினார். பிறகு எங்களுக்கே பாடம் நடத்தினார். பட்டறைப் பெண்டன்டில் மின்வயரோடு சேர்ந்து ஓர் எஃகுக் கம்பியோ சங்கிலியோ இறங்கும். அது மின்வயரைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கும். பெட்டியின் எடையும், அதைப் பிடித்து இழுப்பவர்களின் பலமும் எஃகின்மேல் விழ வேண்டும், செம்பின்மேல் விழக் கூடாது என்பதே காரணம். பெட்டியை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் நிறுத்துவார்களாம். வயர் குட்டையானால் இயக்குபவர் சுமைக்கு அடியில் போய் நிற்க நேரிடும். நீளமானால் பெட்டி எங்கேனும் சிக்கும். மருத்துவமனை ரிமோட்டின் வயரும் இழுவையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று. அதைப் பிடித்து மோட்டார்ப் பெட்டியைத் தடத்தில் இழுத்து நகர்த்தும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எங்கள் வார்டில் அவர் இருந்த வரையில் அப்பழக்கம் தலைகாட்டவில்லை. எவரேனும் வயரில் கைவைத்தால் படுக்கையிலிருந்தே அதட்டுவார்.

அவர் சொன்னது கிரேன்காரரின் தனிப்பட்ட பிடிவாதம் மட்டுமன்று. தூக்கியில் தொங்குவது எவருக்கும் எளிதான அனுபவமாக இருப்பதில்லை. கால் தரையில் இல்லை. பிடித்துக்கொள்ள உறுதியான எதுவும் இல்லை. அடுத்த கணம் மேலே போவோமா கீழே போவோமா என்பது பிறர் விரலில் இருக்கிறது. தூக்கும் துணியைப் பல குடும்பத்தினர் அன்போடு 'தூளி' என்கிறார்கள். பொருத்தமான சொல்தான். ஆயினும் சில முதியவர்களை அச்சொல் புண்படுத்துவதைக் கண்டபின் அவர்கள் முன்னிலையில் நாங்கள் அதைத் தவிர்க்கிறோம். கையில் ரிமோட் இருக்கும்போது அந்தத் துணியில் அமர்ந்திருப்பவர் குழந்தையாக உணர்வதில்லை. பொத்தானை முழுவதும் அவரே இயக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 'நிறுத்து' என்ற ஒன்றை மட்டும் அவர் கையால் செய்ய முடிந்தாலே முகத்திலும் தசைகளிலும் தெரியும் இறுக்கம் தளர்கிறது. இறுக்கம் தளர்ந்த உடலைத் துணியில் சரியாக அமர்த்துவதும் எளிதாகிறது.

எல்லா நோயாளிகளிடமும் ரிமோட்டைத் தரலாம் என்று இதற்குப் பொருளில்லை. குழப்பநிலையில் இருப்பவர், வலிப்பு வரக்கூடியவர், சொல்வதை நினைவில் நிறுத்த இயலாதவர் ஆகியோருக்கு வயரை எட்டாத உயரத்தில் நிறுத்துவதே சரி. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலர் தம் இடப்பக்கத்தில் உள்ள எதையும் கவனிப்பதில்லை. கண்பார்வை நன்றாக இருந்தும் அப்பக்கம் அவர்களுக்கு இல்லாதது போலவே ஆகிவிடுகிறது. அவர்களுக்கு ரிமோட்டை இடப்புறம் தொங்கவிட்டால், ஒரு சாண் தொலைவில் இருந்தாலும் அது இல்லாததே. எந்தப் பக்கம், எந்த நீளம் என்பதை இயன்முறை சிகிச்சையாளர் படுத்த நிலை, அமர்ந்த நிலை, முழுவதும் உயர்த்திய நிலை ஆகிய மூன்றிலும் பார்த்து முடிவு செய்கிறார். அந்த இடத்தில் வயரில் ஒரு வண்ண அடையாளம் இடப்படும். ஒரே தூக்கியை இருவர் பயன்படுத்தும் அறையில் இரு வண்ணங்கள் இருக்கும். அதை எவரும் அழிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.

வயர் அளவுக்கு மீறி நீண்டிருப்பதன் தீமைகளைக் குடும்பத்தினர் நன்கு அறிந்திருக்க வேண்டும். தொய்ந்த வளையம் கழுத்தைச் சுற்றலாம். உணர்ச்சியற்ற கையின் கீழ் வயர் மாட்டிக்கொண்டால் நோயாளிக்குத் தெரியாது. சற்று நேரத்தில் தோலில் தடம் பதிந்துவிடும். சக்கர நாற்காலியின் சக்கரம் அதன்மேல் ஏறும். மின்கட்டிலைத் தாழ்த்தும்போது அதன் சட்டங்களுக்கிடையே வயர் நசுங்கும். எல்லாவற்றிலும் மோசமானது, ரிமோட் கட்டிலின் பக்கக் கம்பியில் மாட்டியிருக்கத் தூக்கி உயர்வது. வயர் இழுபட்டு இணைப்பிலிருந்து பிய்ந்துவிடலாம். அல்லது ரிமோட் கம்பியில் அழுந்தி ஏற்றும் பொத்தான் தானாகவே அழுத்தப்பட்டு நிற்கலாம். பிள்ளைகள் உள்ள வீட்டில், தூக்கியைப் பயன்படுத்தாத நேரத்தில் வயரைக் கொக்கியில் உயரே மாட்டிவிடுங்கள்.

இந்தத் தொல்லைகளைக் கண்டு பலர் எடுக்கும் முடிவு, வயரில் ஒரு முடிச்சுப் போடுவது. வெளியிலிருந்து பார்த்தால் குற்றம் ஏதும் தெரியாது. வயரின் உள்ளே இருப்பதோ முடியைப் போல் மெல்லிய செப்பு இழைகளின் கற்றை. பெரிய வளைவுகளில் அவை ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிரும். முடிச்சின் கூர்மையான மடிப்பில் ஒவ்வொன்றாக முறியும். கற்றையில் பாதி முறிந்த நிலையில் ரிமோட் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. ஏற்றும்போது இணைப்புக் கிடைத்து, இறக்கும்போது கிடைக்காமல் போனால் நோயாளி அந்தரத்தில் நிற்பார். ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவதும், குறுக்குச் சட்டத்தில் கயிறு போலச் சுற்றுவதும் இதே விளைவையே தரும். அறுவைச் சிகிச்சைப் பிளாஸ்டரால் ஒட்டினால் இழைகள் தப்பிக்கும்; ஆனால் பிசினில் அழுக்கு ஒட்டி, அதைத் துடைத்தெடுக்க முடியாது.

அவ்வாறு அந்தரத்தில் நிற்க நேர்ந்தால் அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு தூக்கியிலும் ரிமோட்டைச் சாராத ஓர் அவசர ஏற்பாடு உண்டு. கூரைத் தூக்கிகள் பலவற்றில் மோட்டார்ப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும்; நகரும் தூக்கிகளில் சிவப்புப் பொத்தான் இருக்கும். இயக்கத்தை நிறுத்துவதும், நோயாளியை மெல்லக் கீழே இறக்குவதும் வெவ்வேறு மாதிரிகளில் வெவ்வேறு விதமாகச் செய்யப்படுகின்றன. ஆகவே உங்கள் கருவியில் எப்படி என்பதை யாரும் துணியில் இல்லாதபோது ஒருமுறை செய்து பாருங்கள். மின்வெட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரும்பாலான தூக்கிகள் 24 வோல்ட் மின்கலத்தில் இயங்குபவை. மின்சாரம் நின்றாலும் அவை நிற்பதில்லை. மின்கலத்தை நாள்தோறும் சார்ஜ் செய்திருக்க வேண்டும், அவ்வளவே.

சிவப்புக் கயிற்றைக் குறிப்பிட்டதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகளில் உதவி கேட்டு இழுக்கும் சிவப்புக் கயிறு இருக்கும். இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி அதில் இரண்டு வளையங்கள் வேண்டும் என்கிறது: ஒன்று தரையிலிருந்து 80 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில், மற்றொன்று வெறும் 10 சென்டிமீட்டர் உயரத்தில். இரண்டாவது, தவறி விழுந்து தரையில் கிடப்பவருக்காக. தரையைத் துடைக்கும்போது ஈரமாகிறது என்று அக்கயிற்றை உயரே சுருட்டிக் கட்டிவிடும் வழக்கம் உலகெங்கும் உண்டு. கட்டிய மறுகணம் அது யாருக்காக வைக்கப்பட்டதோ அவருக்குப் பயனற்றதாகிவிடுகிறது. ரிமோட் வயரைக் குட்டையாக்க வேண்டும் என்று இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு எவரும் அந்தக் கயிற்றில் கைவைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் எழுதினோம். அது தரை வரை தொங்கத்தான் வேண்டும்.

வீட்டில் தூக்கி வைத்துக்கொள்ள எண்ணுவோருக்குச் சில சொற்கள். ஓட்டுக் கூரையிலும் தகரக் கூரையிலும் தடம் பொருத்த இயலாது. கான்கிரீட் கூரையானாலும் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் ஏற்றது சக்கரங்களில் நகரும் தூக்கி. அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும் என்பதால் அடைப்புள்ள பெட்டிக் கட்டில் அதற்கு ஒத்துவராது. அதன் ரிமோட் நிமிர்ந்த தூணில் மாட்டப்பட்டிருக்கும். தூக்கியைத் தள்ளுபவர் பின்னால் நிற்பார். தொங்கும் நபரின் முகத்தை அவர் பார்க்க முடியாமல் போவதும் உண்டு. ரிமோட்டைத் தூணிலேயே விட்டுவைக்காமல், வயர் எட்டும் அளவுக்கு முன்பக்கம் கொண்டுவந்து, நோயாளியின் முகத்தைப் பார்த்தவாறு இயக்குங்கள். அவரால் இயலுமானால் அவர் கையிலேயே கொடுங்கள். நகர்த்தத் தொடங்குமுன் ரிமோட்டைக் கொக்கியில் திரும்ப மாட்டிவிட்டால் வயர் சக்கரத்தில் சிக்காது.

வாடகைக்குத் தூக்கி எடுக்கிறவர்கள் கடையிலேயே வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். மேலுறையில் வெடிப்பு, உள்ளே நெறிந்தது போன்ற மென்மை, மின்பட்டை சுற்றிய ஒட்டு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வேறு ரிமோட் கேளுங்கள். வயரை இங்குமங்கும் அசைத்துக்கொண்டே இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். இயக்கம் இடையில் விட்டுவிட்டு வந்தால் உள்ளே இழைகள் முறிந்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டின் தூக்கு கருவி விதிகளின்படி, பணியிடங்களில் மனிதர்களைத் தூக்கும் கருவிகளை 6 மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாகச் சோதிக்க வேண்டும். அதே கால அளவையே எங்கள் மருத்துவமனையும் பின்பற்றுகிறது. வீட்டிலுள்ள கருவிக்கும் அந்த இடைவெளி பொருத்தமானதே.

சுத்தம் செய்வதைப் பொறுத்தவரை, அறையிலுள்ள அனைவரும் தொடுவது ரிமோட்டையே. சுருள் வயரின் இடுக்குகளில் அழுக்குத் தங்கும் என்பதால் ஒருவர் மெல்ல நீட்டிப் பிடித்துக்கொள்ள மற்றவர் ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். கருவியின் கையேட்டில் குறிப்பிட்ட கிருமிநாசினியை மட்டுமே பயன்படுத்துங்கள். மற்றவற்றால் சில மேலுறைகள் விறைத்து வெடிக்கும். தண்ணீரில் முக்குதல் கூடாது.

வீடு திரும்பும் நாளுக்கு முன் குடும்பத்தில் குறைந்தது இருவருக்குத் தூக்கியை இயக்கும் பயிற்சி தருகிறோம். பயிற்சிக்கு வரும்போது, வீட்டில் கட்டில் போட்டிருக்கும் இடத்தையும் கூரை உயரத்தையும் காட்டும் ஒரு புகைப்படத்தையும், தரையிலிருந்து மெத்தையின் மேற்பரப்பு வரையிலான அளவையும் கொண்டுவாருங்கள். வயருக்கு வேண்டிய நீளத்தை இங்கேயே கணித்து, அடையாளமிட்டுத் தர அவை போதும்.